"ஸ்கூல் எப்பம்மா திறக்கும்?"

கோடை விடுமுறையில் குழந்தைகளை வீட்டில் சந்தோஷமாக வைத்துக்கொள்வது பற்றி நான் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "போன வருஷம் மூணாம் நாள் நடந்துச்சே, அதையும் எழுதுவியா?" என்று கேட்டார். எழுதத்தான் போகிறேன். அதில்தானே எல்லாம் ஆரம்பித்தது!

எங்கள் வீடு திருச்சி உறையூரில் இருக்கிறது. முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் ஒரு முருங்கை மரம் நிற்கிற அளவுக்குக் கொல்லை, மேலே மொட்டை மாடி. பெரியவனுக்கு அப்போது எட்டு வயது, சின்னவளுக்கு அஞ்சு. என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இவர் ஒரு மருந்துக் கடையில் கணக்கு பார்க்கிறார். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு. ஆகவே விடுமுறை என்றால் அந்த நாற்பது நாளும் என் தலையில்தான்.

என் சின்ன வயதில் இந்தக் கவலையே கிடையாது. பரீட்சை முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்குப் போய்விடுவோம். மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர். யார் எங்கே இருக்கிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில்தான் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். இப்போது அம்மாச்சியும் இல்லை, அந்த வீடும் இல்லை. என் குழந்தைகளுக்கு லீவு என்றால் நாலு சுவரும், நானும்தான்.

மூணாம் நாளுக்கு வருகிறேன். நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டு, குழந்தைகள் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, "சத்தம் போடாம பாருங்க" என்று சொல்லிக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை, பிள்ளைகளையும் காணோம். கொல்லையில் ஏதோ சத்தம். போய்ப் பார்க்கிறேன். உடைந்த செங்கல்லை வரிசையாக அடுக்கி, நடுவே வெள்ளையாக எதையோ பூசி வீடு கட்டிக்கொண்டிருக்கிறான் பெரியவன். சின்னவள் சித்தாள்! தூக்குச் சட்டியில் எடுத்து எடுத்துக் கொடுக்கிறாள். "சிமெண்ட்டும்மா" என்றான் பெருமையாக. ரெண்டு நாளைக்கென்று அன்று காலையில் அரைத்து வைத்திருந்த இட்லி மாவு!

அடித்துவிட்டேன். அதுவும் லேசாக இல்லை. அடிக்கும்போதே வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "உங்களோட மாரடிக்கறதுக்கே எனக்கு உசுரு போகுது" என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, ஸ்கூல் எப்பம்மா திறக்கும்?"

"ஏண்டா? லீவு விட்டு இன்னிக்கோட நாலு நாள்தானே ஆகுது?"

"அங்க யாரும் இவ்ளோ கத்த மாட்டாங்க."

காபி பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் போட்ட டைம்-டேபிள்

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த லீவைச் சும்மா விடக்கூடாது என்று. முதலில் கோடை வகுப்பு ஒன்றில் விசாரித்தேன். ஓவியம், யோகா, கீபோர்டு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு நாலாயிரம் என்றார்கள். ரெண்டு பிள்ளைக்கு எட்டாயிரம். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

சரி, நானே டீச்சர் ஆகிவிடலாம் என்று ஒரு பெரிய தாளில் அட்டவணை எழுதினேன். 9 முதல் 10 வரை கையெழுத்து. 10 முதல் 11 வரை ஓவியம். 11 முதல் 12 வரை வாய்ப்பாடு. கலர் பென்சிலால் கோடெல்லாம் போட்டு ஹாலில் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரெண்டு நாள் ஓடியது. மூணாம் நாள் சின்னவள் அழுதாள். பெரியவன், "இது ஸ்கூல் மாதிரியே இருக்கு, ஆனா இன்டர்வெல் இல்ல" என்றான். எனக்கும் சமையல் ஒரு பக்கம், மேய்ப்பது ஒரு பக்கம் என்று நாக்குத் தள்ளிவிட்டது. தாளைக் கிழித்துவிட்டேன்.

அப்போதுதான் அத்தை ஒரு வார்த்தை சொன்னார்கள். "ஏம்மா, அவன் மாவை எடுத்து வெளையாடுனான்னு அடிச்சியே, அவன் சும்மாவா கொட்டுனான்? வீடு கட்டுனான். அவன் கைக்கு வேலை வேணும். நீ வேடிக்கை காட்டணும்னு நெனைக்கிற. அவுக வேலை கேக்குறாக."

இந்தப் பேச்சுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. குழந்தைகளை நாள் முழுவதும் மகிழ்விக்க வேண்டும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. அது ஒரு தாயால் முடிகிற காரியமும் இல்லை. வீட்டில் நடக்கிற வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அதன் பிறகு மணிக்கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, பொழுதை நாலாக மட்டும் பிரித்தேன். காலையில் வேலை, மத்தியானம் நிழலில் விளையாட்டு, நாலரைக்குக் குளியலும் தின்பண்டமும், சாயங்காலம் வெளியே. அவ்வளவுதான்.

காலையில் கைவேலை

கோடை என்றாலே வடாம், வத்தல்தானே. அதிலிருந்தே ஆரம்பித்தேன். ஜவ்வரிசி ஒரு கிண்ணம் எடுத்து ராத்திரியே ஊறவைத்து, காலையில் நாலைந்து கிண்ணம் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து, உப்பு, சீரகம் போட்டு இறக்கினேன். குழந்தைகளுக்கென்று எடுத்து வைத்ததில் மட்டும் பச்சை மிளகாய் சேர்க்கவில்லை. அதிலும் பாதிக்குப் பீட்ரூட் சாறு கலந்தேன். கூழ் நன்றாக ஆறிய பிறகுதான் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சூட்டோடு குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள். ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, கொப்பளித்துவிடும்.

பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அதில் கூழை ஊற்றி, ஓரத்தில் துளியூண்டு வெட்டிக் கொடுத்தேன். மாடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில் அவரவர் பேரை எழுதச் சொன்னேன். சின்னவளுக்கு அப்போதுதான் எழுத்து வந்துகொண்டிருந்தது. அ, ஆ என்று பத்துப் பன்னிரண்டு எழுதினாள். பாதி எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிக்கொண்டிருந்தது. நான் திருத்தவே இல்லை. மூணாம் நாள் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயில் போட்டேன். எழுத்தெல்லாம் பூவாகப் பொரிந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! "நான் ஆவன்னாவைச் சாப்பிட்டுட்டேன், அண்ணன் எழுதுன ழகரத்தை அப்பாவுக்கு வை" என்று ஒரே அமர்க்களம். வாய்ப்பாட்டுத் தாள் செய்யாததை வடாம் செய்துவிட்டது.

காக்கா காவல் வேலை பெரியவனுக்கு. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை மட்டும்தான், அதுவும் மாடிப்படி நிழலில் உட்கார்ந்துகொண்டு. காவலுக்குப் போனவன் காக்காயை விரட்டுவதை விட்டுவிட்டு அதோடு சிநேகமாகிவிட்டான். பாவம், அதுக்குத் தாகமாக இருக்கும் என்று ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தான். பிறகு மைனா வந்தது, அணில் வந்தது, கூட்டமாகத் தவிட்டுக்குருவி வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எது எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு வைத்தான். தினமும் சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றினால்தான் கொசு வராது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் அவன் பொறுப்பாயிற்று.

முருங்கைக்கீரை ஆய்வது, துவைத்த துணியில் கைக்குட்டை, துண்டு, உள்பாவாடைகளை மடிப்பது, கீழே கிடக்கிற செருப்பைச் சோடி சேர்ப்பது, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இவையெல்லாம் அஞ்சு வயதுக் குழந்தைக்கே வரும். நமக்குப் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை அவர்கள் கையில் முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டுமே! அந்த முக்கால் மணி நேரத்தைத்தானே தேடிக்கொண்டிருந்தோம்? கீரையில் ரெண்டு காம்பு கிடந்தால் குடிமுழுகிப் போகாது. பக்கத்தில் நின்று "இப்படி இல்லை, அப்படி" என்று சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அதைப் பழக ஒரு வாரம் ஆனது.

மத்தியானம் அப்பாயி ராஜ்ஜியம்

பதினோரு மணிக்கு மேல் நாலு மணி வரை வாசலில் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த அஞ்சு மணி நேரம்தான் தாய்மார்களுக்குச் சோதனையான நேரம்.

புது வருஷத்துப் புளி வாங்கி, கொட்டை எடுக்க உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் கொட்டைகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த அத்தை, "பரண்ல என் பல்லாங்குழி கெடக்கும், எடு" என்றார்கள். அவர்கள் கல்யாணத்தில் சீராக வந்த மரப் பல்லாங்குழி. பழைய பித்தளைச் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவியதும் பளபளவென்று ஆகிவிட்டது.

மறந்துபோனவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரெதிராக ஏழு ஏழாக 14 குழி. குழிக்கு அஞ்சு முத்து, ஆக 70 முத்து. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முத்தை அள்ளி, வரிசையாக அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை எதிராளிக்குப் போய்விடும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு முத்து சேர்ந்தால் அது 'பசு'. யார் பக்கத்துக் குழியோ அவருக்குச் சொந்தம். இது எங்கள் வீட்டு வழக்கம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பலகை இல்லாவிட்டால் என்ன, சாக்பீசால் தரையில் 14 வட்டம் போட்டால் போதும்.

உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் என் குழந்தைகளுக்கும் அப்பாயிக்கும் பேச்சே அதிகம் கிடையாது. முழங்கால் வலியோடு அவர்கள் ஒரு மூலையில் டி.வி. பார்ப்பார்கள். இவர்கள் இன்னொரு மூலையில் போனைப் பார்ப்பார்கள். பல்லாங்குழி வந்த பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். எழுபது வரை எண்ணத் தெரியாத சின்னவள் பத்தே நாளில் பசுவை எண்ணி வாங்கக் கற்றுக்கொண்டாள். "எந்தக் குழியிலிருந்து எடுத்தால் காலிக் குழியில் போய் முடியும்?" என்று பெரியவன் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தான்.

ஒருநாள் தோற்றுப்போய் முத்தையெல்லாம் வாரி இறைத்துவிட்டான். "சின்னப் பிள்ளைதானே, விட்டுக் கொடுத்தா என்ன அத்தை?" என்றேன். "நான் விட்டுக்குடுத்தா வெளியில யாரு விட்டுக்குடுப்பா? தோக்கப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவனாகவே 70 முத்தையும் தேடிப் பொறுக்கிக் குழியில் போட்டுவிட்டு வந்து கூப்பிட்டான்.

பல்லாங்குழி அலுத்தால் தாயம். தரையில் கட்டம் வரைந்து, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டுவோம். அது அலுத்தால் அஞ்சாங்கல். எல்லாம் அலுத்தால் ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டுப் படுத்துக்கொண்டு கதை. அத்தை சொல்கிற கதையில் பாதி அவர்கள் பிறந்த ஊரான லால்குடியில் நடந்ததாகவே இருக்கும்.

தண்ணீர் விளையாட்டு: ஒரு எச்சரிக்கை

தண்ணீரில் விளையாடப் பிடிக்காத குழந்தை உண்டா? காகிதக் கப்பல் செய்து கொடுத்து, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அடுப்பில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் சத்தமில்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். எட்டிப் பார்த்தேன். தட்டு போதவில்லை என்று, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற பிளாஸ்டிக் டிரம்மில் கப்பல் விட ஸ்டூல் போட்டு ஏறி, சின்னவள் தலைகீழாகக் குனிந்திருக்கிறாள். கால் ரெண்டும் ஸ்டூலை விட்டு மேலே வந்துவிட்டன. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முகம், தலைமுடி எல்லாம் நனைந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

கோடையில் தண்ணீர்க் கஷ்டத்துக்காக நாம் எல்லோரும் டிரம், அண்டா, வாளி என்று பிடித்து வைக்கிறோம். தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை மூழ்குவதற்குக் கிணறு வேண்டாம், அரை வாளித் தண்ணீர் போதும். குப்புற விழுந்தால் தலையின் கனத்தால் அதற்கு எழுந்திருக்கத் தெரியாது. சத்தமும் வராது. ஆகவே எல்லாவற்றுக்கும் கனமான மூடி போடுங்கள். பக்கத்தில் ஸ்டூல் வைக்காதீர்கள். குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் விளையாட்டு என்றால் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அடுப்பு வேலையை முடித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் நான் கப்பலே செய்கிறேன்.

செல்போனை என்ன செய்தேன்?

பிடுங்கிப் பூட்டி வைக்கவில்லை. அப்படிச் செய்தால் ஆசைதான் அதிகமாகும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கின்படி, ரெண்டு வயது முதல் நாலு வயது வரை உள்ள குழந்தை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக்கூடாது. அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். என் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான். ஆனாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம், ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று வைத்தோம். மத்த நேரத்தில் போன் அலமாரியின் மேல் தட்டில்.

முதல் ரெண்டு நாள் அழுகை, உதைத்தல் எல்லாம் நடந்தது. மூணாம் நாள் பெரியவன் என்னைப் பார்த்து, "நீ மட்டும் பாக்கலாமா?" என்று கேட்டான். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வது? என் போனையும் கொண்டுபோய் அதே தட்டில் வைத்தேன். யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும், அப்போது எடுத்தால் போதும். அன்றோடு அவர்கள் தகராறு நின்றது. எனக்குத்தான் பழக நாளாயிற்று.

காசில்லாத சாமான்கள்

நுங்கு வாங்கினால் தின்றுவிட்டுக் கூந்தலைத் தூக்கி எறியாதீர்கள். ரெண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோர்த்து, கவட்டைக் குச்சியால் தள்ளினால் வண்டி. ரெண்டு தீப்பெட்டியும் பத்தடி நூலும் இருந்தால் டெலிபோன். நூல் விறைப்பாக இருந்தால்தான் குரல் கேட்கும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு ஏதாவது சாமான் வந்த பெரிய அட்டைப்பெட்டி இருந்தால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.

மைதா ரெண்டு கிண்ணம், தூள் உப்பு ஒரு கிண்ணம், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமார் ஒரு கிண்ணம் விட்டுச் சப்பாத்தி மாவு போல் பிசைந்து, மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ கலந்தால் பொம்மை செய்ய நல்ல மாவு. உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். வீடு கட்டுகிறவனுக்குக் கொல்லையில் ஒரு மூலையை ஒதுக்கி, ரெண்டு சட்டி செம்மண்ணும் உடைந்த கரண்டியும் கொடுத்துவிட்டேன். லீவு முடிவதற்குள் அங்கே ஒரு தெருவே உண்டாகிவிட்டது. இட்லி மாவுப் பாத்திரத்தின் பக்கம் அதன் பிறகு யாரும் போகவில்லை.

"போர் அடிக்குதும்மா"

எத்தனை செய்தாலும் இந்த வார்த்தை வரத்தான் செய்யும். முன்பெல்லாம் இதைக் கேட்டதும் ஏதோ நான் குற்றம் செய்துவிட்டது போல் பதறுவேன். இப்போது, "சரி, கொஞ்ச நேரம் அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். கால் மணி நேரம் தரையில் புரளுவார்கள், சிணுங்குவார்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு யோசனை வந்துவிடும்.

அப்படி ஒருநாள் ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு டவுன் பஸ் விட்டார்கள். என் மணிபர்சில் கிடந்த பழைய டிக்கெட்டெல்லாம் கண்டக்டர் கைக்குப் போயிற்று. "மெயின்கார்டு கேட், சத்திரம், அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம், ஏறு ஏறு!" என்று ஒரே கூச்சல். அத்தையும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "லால்குடிக்கு ஒண்ணு குடு" என்றார்கள். "இந்த பஸ் அங்க போகாது அப்பாயி" என்றான் கண்டக்டர். "எனக்கு அங்கதான் போவணும்" என்று சிரித்தார்கள். சிரிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அந்த ஊருக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எல்லோரும் நிஜ பஸ் ஏறினோம். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைப் பெரியவன் அப்பாயி கையில் கொடுத்தான். அவர்கள் பிறந்த வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். வாசலோடு பார்த்துவிட்டு, சப்தரிஷீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டோம். மாசம் முழுவதும் கேட்ட கதைகளின் தெருவைக் குழந்தைகள் கண்ணால் பார்த்தார்கள். வேறு எந்தச் சுற்றுலாவும் அந்த வருஷம் போகவில்லை.

உடம்பைக் கவனியுங்கள்

விளையாட்டு மும்முரத்தில் குழந்தைகள் தாகத்தையே மறந்துவிடும். கேட்கும்வரை காத்திருக்காமல் ஒரு மணிக்கு ஒரு தரம் நாமே கொடுக்க வேண்டும். பானைத் தண்ணீர், நீர்மோர், பானகம், எலுமிச்சைச் சாறு, இளநீர், எதுவானாலும் சரி. பானைத் தண்ணீர் காய்ச்சி ஆற்றியதாக இருக்கட்டும். ஐஸ் ஆசைக்கு மாம்பழச் சாற்றைச் சின்ன டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தெருவில் விற்கிற ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ!

வேர்க்குருவுக்கு ரெண்டு வேளைக் குளியலும், தொளதொள பருத்தி உடையும் போதும். பவுடரை அப்பி அப்பித் துளைகளை அடைக்க வேண்டாம். குழந்தை வெகு நேரம் ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலோ, போவது அடர் மஞ்சளாக இருந்தாலோ தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அவசரத்துக்கு அது இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடவே கூடாது. உடம்பு கொதித்து, குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மயக்கத்தில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சொல்ல விரும்புவது

வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு இவ்வளவும் முடியாது என்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு வேலை, ராத்திரியில் ஒரு ஆட்டம், ரெண்டே ரெண்டு போதும். அந்த நேரத்தில் நாம் முழுசாக அவர்களோடு இருந்தால் சரி. எனக்கு அந்த நாற்பது நாளில் ஆன செலவு ஜவ்வரிசி, மைதா, சாக்பீஸ், ஒரு பந்து, லால்குடிப் பயணம் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான். அதற்காக நான் கத்தவே இல்லை என்று சொன்னால் பொய். கத்தினேன். ஆனால் கை நீட்டவில்லை. மாவு விஷயத்துக்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லம்மா, அது நல்லா ஒட்டவே இல்ல" என்றான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ராத்திரி பையில் புஸ்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவன், "இன்னும் ஒரு வாரம் லீவு விட மாட்டாங்களாம்மா?" என்றான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இதோ, இந்த வருஷப் பரீட்சையும் முடியப் போகிறது. நேற்று பல்லாங்குழியை எடுத்து முத்தை எண்ணினோம். எழுபதில் மூன்று குறைகிறது. புதுப் புளி வாங்கியதும் சேர்த்துவிடலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள்.